அறுத்துக் காட்டிய விளக்குத் தண்டு

(கண்டியில் வியாபாரிகளும் கைவினைஞர்களும் கூடியிருந்த சபையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பித்தளைக் குழாயைப் பற்றி ஒருவன் ஒரு மணி நேரம் பேசப் போகிறான் என்று தெரிந்தும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். வெளியே பெய்கிற மழைக்கும் அதில் பங்கு இருக்கலாம். எப்படியானாலும் நன்றி.

இந்த மேசையில் ஒரு பையைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஒரு முழ நீளத்தில் பித்தளைப் பைப் ஒன்று. அதே பைப்பை வளைத்து மரை வெட்டிய துண்டு ஒன்று. கடையில் வாங்கிய எல்போ ஒன்று. வெளியே சதுரமும் உள்ளே வட்டத் துளையுமாக ஒரு துண்டு. திரைச்சீலை தொங்கவிடுகிற மஞ்சள் கம்பி ஒன்று. கடைசியாக, நீளவாக்கில் இரண்டாக அறுத்த ஒரு குத்துவிளக்குத் தண்டு. இந்தத் தண்டுக்கு ஒரு கதை உண்டு. என் முட்டாள்தனத்தின் கதை என்பதால் அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு கொழும்பில் ஏற்றுமதிப் பத்திரங்கள் எழுதுகிற வேலையில் இருந்தேன். பிலிமத்தலாவைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் வார்த்த பன்னிரண்டு பெரிய குத்துவிளக்குகளை வெளிநாட்டுக் கோயில் ஒன்றுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பெரிய விளக்கை யாரும் முழுதாகப் பெட்டியில் வைப்பதில்லை. அடிப்பீடம், தண்டு, தகழி, உச்சிக் குமிழ் என்று மரை கழற்றித்தான் அடுக்குவார்கள். பீடங்களும் தகழிகளும் முதல் கப்பலுக்குத் தயாராகிவிட்டன. தண்டுகளுக்கு மெருகு சரியாக வரவில்லை. “மாத்தயா, இரண்டு கிழமை பொறுங்கள், அவசரப்பட்டால் கறுத்துப் போகும்” என்றார் பட்டறைக்காரரான பாஸ். சரி, தண்டுகள் அடுத்த கப்பலில் போகட்டும் என்று விட்டேன். அந்த இரண்டாவது இன்வொய்சில் என் கையால் நான் எழுதிய விவரம் இதுதான்: பித்தளைக் குழாய், 12.

உள்ளே பொள்ளல், நீளமாக இருக்கிறது, பித்தளை. வேறென்ன எழுதுவது என்று நினைத்தேன்.

சரக்குப் போய் இறங்கிய துறைமுகத்தில் அதிகாரி என் எழுத்தை அப்படியே நம்பினார். பித்தளைக் குழாய்க்கு உலகம் முழுவதும் ஒரே எண் இருக்கிறது: 7411.21. அந்த எண்ணைப் போட்டார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. போன மாதம் இதே கோயிலுக்கு விளக்குப் பாகம் வந்தது, இப்போது தண்ணீர்க் குழாய் போல ஏதோ வருகிறது, இரண்டுக்கும் ஓடர் இலக்கம் ஒன்று. எதையோ மறைக்கிறார்கள் என்று சரக்கை நிறுத்தி வைத்தார். நாளுக்கு நாள் டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் ஏறியது. கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாயிற்று. பீடமும் தகழியும் அங்கே, தண்டு துறைமுகத்தில்.

பன்னிரண்டு விளக்குகளும் ஒரே கப்பலில், ஒரே பத்திரத்தில் போயிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. சுங்க வகைப்பாட்டுக்கு ஆறு பொது விதிகள் உண்டு. கழற்றி வைத்த பொருள் பூட்டிய பொருளாகவே கருதப்படும் என்று இரண்டாவது விதி சொல்கிறது. பெட்டிக்குள் துண்டு துண்டாகக் கிடந்தாலும் அது விளக்குத்தான், எண் 9405.50, மின்சாரம் இல்லாத விளக்கு. ஆனால் துண்டுகள் ஒன்றாக வந்து நிற்க வேண்டும். தனியாக வந்த தண்டு தன் வழக்கைத் தானே பேச வேண்டியதுதான்.

அதற்கு வழக்கறிஞராக நான் சுங்க வகைப்பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். குழாய் என்பதற்கு அங்கே ஒரு வரைவிலக்கணம் இருக்கிறது. தொல்காப்பியம் படித்தவர்களுக்கு அந்த நடை பழக்கமானதாகவே இருக்கும். ஒரு சொல்லையும் சும்மா போட்டிருக்க மாட்டார்கள். பொள்ளலான பொருள். நீளம் முழுவதும் குறுக்குவெட்டு ஒரே மாதிரி இருக்க வேண்டும். உள்ளே அடைபட்ட வெளி ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். வடிவம் வட்டம், நீள்வட்டம், செவ்வகம், சதுரம், சமபக்க முக்கோணம் அல்லது ஒழுங்கான குவிந்த பல்கோணம். சுவரின் தடிப்பு எங்கும் ஒரே அளவு. இத்தனையும் பொருந்தினால் குழாய். அதன் பிறகு அதை மெருகு போடலாம், பூச்சுப் பூசலாம், வளைக்கலாம், மரை வெட்டலாம், துளை போடலாம், இடுப்பை ஒடுக்கலாம், வாயை விரிக்கலாம், கூம்பாக்கலாம், விளிம்போ கழுத்துப்பட்டையோ வளையமோ பூட்டலாம். என்ன செய்தாலும் குழாய் குழாய்தான்.

இதைக் கடிதத்தில் எழுதி அனுப்பினோம். அதிகாரி விவரமானவர். உங்கள் தண்டில் இருப்பது வளையங்கள், வளையம் இருக்கலாம் என்று அதே வரைவிலக்கணம் சொல்கிறதே என்று பதில் எழுதினார். நியாயமான கேள்வி. வெளியிலிருந்து பார்த்தால் பதில் சொல்ல முடியாது. தண்டைத் திறந்துதான் காட்ட வேண்டும்.

பட்டறைக்குப் போனேன். உதவிக்கு இருக்கட்டும் என்று பதின்மூன்றாவதாக ஒரு தண்டு வார்த்து வைத்திருந்தார் பாஸ். அதை நீளவாக்கில் அறுக்கச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. வார்த்தவன் கையாலேயே அறுக்கச் சொல்வது சின்ன விஷயமல்ல. ஒன்றும் பேசாமல் தண்டைக் குறட்டில் இறுக்கி, ஹெக்சோ பிளேட் மூன்றை முறித்து, மத்தியானம் தாண்டி அறுத்து முடித்தார்.

இதோ அந்தத் துண்டு. முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும். வளையம் இருக்கிற இடத்தில் உலோகம் என் சுண்டுவிரல் தடிப்பு. இரண்டு வளையங்களுக்கு நடுவில் அதில் பாதிகூட இல்லை. உள்துவாரமும் நேராகப் போகவில்லை. வார்ப்புக் கருவின் வடிவத்துக்குத் தக்கபடி நெளிந்து போகிறது. குழாய் மேல் வளையத்தைப் பூட்டியிருந்தால் அடியில் ஒரே தடிப்பில் ஒரு குழாய் தெரியும். இங்கே வளையமும் தண்டும் ஒரே வார்ப்பு. குறுக்குவெட்டு ஒரே மாதிரி இல்லை, சுவர்த் தடிப்பும் ஒரே மாதிரி இல்லை. இது குழாயில்லை, விளக்கின் பாகம், 9405.99. ஒரு பாதியை அனுப்பினோம், மறு பாதி என்னிடம். சரக்கை விட்டார்கள். டெமரேஜ் கட்டியது யார் என்று கேட்காதீர்கள்.

சுங்கம் என்றால் வெள்ளைக்காரன் கொண்டு வந்த தொல்லை என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம். 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டம் அவர்கள் எழுதியது என்பது உண்மை. இன்றும் அதில்தான் வண்டி ஓடுகிறது. ஆனால் அந்தச் சொல் பழையது. அம்பாந்தோட்டைப் பக்கம் கொடவாயவில் உள்ள கல்வெட்டு, அந்தத் துறைமுகத்தின் சுங்க வருமானத்தை விகாரைக்குக் கொடுத்ததைச் சொல்கிறது. கொடுத்தவர் கஜபாகு மன்னர், கண்ணகி விழாவோடு நாம் நினைக்கிற அதே கயவாகு. 2ஆம் நூற்றாண்டு. காவிரிப்பூம்பட்டினத்தில் சோழ அதிகாரிகள் மூட்டைகள் மீது புலி முத்திரை குத்திய காட்சி பட்டினப்பாலையில் இருக்கிறது. வள்ளுவர் சுங்கத்தை உல்கு என்கிறார். முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர். வரியை நீக்கியவனுக்குத்தான் பட்டம் கிடைத்திருக்கிறது, வசூலித்தவனுக்கு இல்லை. இந்தச் சபையில் அதை நான் விளக்க வேண்டியதில்லை.

பொருளை வகைபிரிப்பதற்கு நம் நாட்டில் கிடைக்கிற அழகான சான்று நயினாதீவில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் பொறித்த கல்வெட்டு அது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும் என்று சொல்கிறது. கப்பல் உடைந்து போனால் என்ன செய்வது என்பதற்கும் விதி இருக்கிறது. யானையும் குதிரையும் கொண்டு வந்த கப்பலானால் கால் பங்கு அரசனுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. வேறு வாணிபச் சரக்குக் கொண்டு வந்த கப்பலானால் பாதிக்குப் பாதி. அரசனுக்கு யானையும் குதிரையும் தேவை. அவற்றைக் கொண்டு வருபவன் பயந்துவிடக் கூடாது. ஆகவே அவனுக்குச் சலுகை. பொருளின் பெயர் மாறினால் பங்கு மாறும் என்ற கொள்கை அப்போதே கல்லில் ஏறிவிட்டது. உடைந்த கப்பல் பக்கத்தில் நின்று, என் சரக்குக் குதிரைதான் ஐயா என்று எத்தனை பேர் வாதாடியிருப்பார்களோ.

இன்றைக்கு அந்தக் கல்வெட்டின் இடத்தில் இருப்பது எச்.எஸ். என்று நாம் சொல்கிற ஒத்திசைவு முறை. 1983இல் பிரசெல்ஸில் ஒப்பந்தமாகி, 1988 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. உலகில் கைமாறும் சரக்குகளில் நூற்றுக்கு 98க்கு மேல் இந்தப் புத்தகத்துக்குள் அடங்கும். 21 பகுதிகள், 97 அத்தியாயங்கள். அதில் 77ஆம் அத்தியாயம் காலி, வருங்காலத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்குப் பின்னால் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குச் சேர்த்துக்கொள்ளும். நாம் எட்டு இலக்கம் எழுதுகிறோம். இப்போது நடப்பது 2022 பதிப்பு. அடுத்தது 2028இல். தீர்வை விகிதங்களை இன்று சொல்லப் போவதில்லை. வரவுசெலவுத் திட்டத்துக்கு வரவுசெலவுத் திட்டம் மாறும். நான் சொல்லி நீங்கள் குறித்துக்கொண்டு போனால் அடுத்த வருடம் என்னைத்தான் திட்டுவீர்கள்.

74ஆம் அத்தியாயம் செம்பு. பித்தளைக்குத் தனி வீடு கிடையாது, செம்பின் வீட்டில்தான் குடியிருக்கிறது. கலப்பு உலோகத்தில் எடையால் எது மிகுதியோ அதன் பெயரில் சேர்க்க வேண்டும் என்பது விதி. உருக்கொடுக்காத கட்டி 7403, கழிவும் பழையதும் 7404, கோலும் உருவக் கம்பியும் 7407, கம்பி 7408, தகடு 7409, குழாய் 7411, குழாய் இணைப்புகள் 7412, வீட்டுப் பாத்திரம் 7418. கவனித்துப் பார்த்தால் இது பட்டறைக்குள் உலோகம் நடந்து போகிற பாதை. பழைய பித்தளை வாசலில் வருகிறது, உருகுகிறது, கோலாகிறது, தகடாகிறது, குடமாகிப் பின்வாசலால் போகிறது. புத்தகத்தை எழுதியவர் யாரோ ஒரு பட்டறையைப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

சரி, எது பித்தளை? தமிழில் பித்தளை, சிங்களத்தில் பித்தல. பெயரில் நமக்குச் சண்டை இல்லை. செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். சுங்கம் அதோடு நிற்காது. வேறு உலோகங்கள் கலந்திருந்தால், அவற்றில் எதைவிடவும் துத்தநாகம் கூடுதலாக இருக்க வேண்டும். நிக்கல் 5 வீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். வெள்ளீயம் 3 வீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். கடைசல் வேலைக்கு எடுக்கிற பித்தளையில் செம்பு 58, துத்தநாகம் 39, ஈயம் 3 என்று இருக்கும். அது பித்தளைதான், தடையில்லை. இப்போது ஒரு வேடிக்கையான கணக்குச் சொல்கிறேன். செம்பு 86, துத்தநாகம் 9, வெள்ளீயம் 5. துத்தநாகம் வெள்ளீயத்தைவிடக் கூடுதல், ஆகவே பித்தளை என்பீர்கள். புத்தகம் வெண்கலம் என்கிறது. வெள்ளீயம் 3 வீதமோ அதற்கு மேலோ இருந்தால், துத்தநாகம் அதைவிடக் கூடியிருந்தாலும், 10 வீதத்துக்குள் நின்றால் அது வெண்கலமே. அந்த உலோகத்தில் குழாய் இழுத்தால் 7411.21இல் போடக் கூடாது, 7411.29இல் போட வேண்டும். நிக்கல் 5 வீதத்தைத் தொட்டால் அது வேறு சாதி, 7411.22. துத்தநாகம் செம்பைத் தாண்டிவிட்டாலோ அத்தியாயமே மாறி 79க்குப் போய்விடும்.

உருக்குகிறவர்களுக்குத் தெரிந்த ஒன்றை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். துத்தநாகம் 907 பாகையில் கொதித்துவிடும். செம்பு உருகவே 1,085 பாகை வேண்டும். ஆகவே மூசையைத் திறந்தால் வெள்ளைப் புகை எழும். அது துத்தநாகம் பறந்து போவது. ஒரே பழைய பித்தளையைத் திரும்பத் திரும்ப உருக்கினால் ஒவ்வொரு தடவையும் துத்தநாகம் கொஞ்சம் குறையும், நிறம் சிவக்கும். பழைய தண்ணீர்க் குழாய் வாய், வால்வு, உடைந்த விளக்கு, பம்பின் உறுப்பு என்று கிடைத்ததெல்லாம் ஒரே மூசைக்குள் போகிறது. வெளியே வருவது என்ன கலவை என்று பாஸ் நிறத்தைப் பார்த்தும் தட்டிய சத்தத்தைக் கேட்டும் சொல்வார். சுங்க அதிகாரி எக்ஸ்ரே துப்பாக்கியை வைத்துச் சொல்வார். இரண்டு பேரும் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். பாஸ் தசமப் புள்ளி போட மாட்டார், அவ்வளவுதான்.

இப்போது மேசைக்கு வருவோம். இந்த நேர் பைப் 7411.21. வளைத்து மரை வெட்டிய இந்தத் துண்டு? இதுவும் 7411.21தான், வரைவிலக்கணமே வளைப்பையும் மரையையும் அனுமதிக்கிறதே. இந்த எல்போ? இதுவும் வளைந்துதான் இருக்கிறது, மரையும் இருக்கிறது. ஆனால் இது இரண்டு குழாய்களைச் சேர்ப்பதற்கென்றே பிறந்தது. 7412.20. தண்ணீரைத் திறந்து மூடுகிற வால்வு பித்தளையாகவே இருந்தாலும் இந்த அத்தியாயத்திலேயே இருக்காது, இயந்திரங்களோடு 8481இல் போய் உட்காரும்.

வெளியே சதுரம், உள்ளே வட்டம் என்றேனே, அதைக் கையில் எடுத்துக் கொடுத்தால் நூறு பேரில் நூறு பேரும் குழாய் என்பார்கள். புத்தகம் சம்மதிக்காது. சதுரமாக இருந்தால் உள்ளும் புறமும் ஒரே வடிவமாக, ஒரே மையமாக, ஒரே பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். இது அப்படியில்லை. ஆகவே உருவக் கம்பி, 7407.21. இரண்டு துளை உள்ள துண்டுக்கும் இதே கதிதான்.

இந்தத் திரைச்சீலைக் கம்பியைக் கடையில் பித்தளைப் பைப் என்றுதான் விற்றார்கள். இதோ ஒரு காந்தம். ஒட்டிக்கொண்டது, பார்த்தீர்களா? உள்ளே உருக்கு, மேலே மஞ்சள் பூச்சு. இது 74ஆம் அத்தியாயத்தின் வாசலையே மிதிக்காது; 73இல், பற்றவைத்த உருக்குக் குழாய்களோடு, 7306. ஆனால் காந்தம் ஒட்டவில்லை என்பதற்காகப் பித்தளை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பல ரகங்களில் காந்தம் ஒட்டாது.

இதெல்லாம் கொழும்புத் துறைமுகத்து விவகாரம், மலைக்கு மேல் இருக்கிற நமக்கு என்ன என்று ஒரு நண்பர் காலையில் கேட்டார். மலைக்கு மேல்தான் ஐயா பித்தளையே இருக்கிறது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. அந்தக் காலத்து நீராவி எஞ்சின்கள் பலவற்றின் கொதிகலனுக்குள் நெருப்புப் போகிற குழாய்கள் பித்தளைதான். கடுகண்ணாவை ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனால் பழைய எஞ்சின்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டுகிற மேசையின் முகத்தில் பித்தளை. தலதா மாளிகையின் மணியும் விளக்கும் பித்தளை வேலை. கடலாதெனிய விகாரையைப் பாருங்கள்: 1344இல் கல்லில் எழுந்தது, கட்டிய சிற்பாசாரி தென்னிந்தியாவிலிருந்து வந்த கணேசுவராசாரி. அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள ஊர்களில்தான் இன்றும் மூசை எரிகிறது. ஆனந்த குமாரசுவாமி இந்த ஊர்களில் அலைந்துதான், 1908இல் கண்டிக் கலைகளைப் பற்றிய தம் பெரிய நூலை வெளியிட்டார். அவர் இலங்கைக்கு வந்த வேலை கனிமங்களை ஆராய்வது. பூமிக்கு அடியில் இருந்ததைப் பார்க்க வந்தவர் மேலே இருந்ததையும் பார்த்தார்.

இந்த ஊர்களின் பொருள்கள் எந்த எண்ணில் போகும் என்று பார்த்தால் ஓர் ஆறுதல் கிடைக்கும். உலோகங்களின் பகுதி தன் முதல் குறிப்பிலேயே விளக்கையும் இசைக்கருவியையும் தன் கணக்கில் சேர்ப்பதில்லை என்று சொல்லிவிடுகிறது. எண்ணெய் விளக்கு 94இல். மணியும் சேமக்கலமும் 8306.10. சின்னச் சிலையும் சுவரில் மாட்டுகிற அலங்காரத் தட்டும் 8306.29. இவற்றுக்குப் பித்தளையா வெண்கலமா என்ற பரிசோதனையே தேவையில்லை. விலையுயர்ந்த உலோகமாக இல்லாமல் இருந்தால் போதும். எந்த மூசையில் எதைக் கலந்தார் என்று பாஸ் கவலைப்பட வேண்டியதில்லை. பொருள் உலோகமாக இருக்கும் வரைக்கும் வெள்ளீயம் எத்தனை வீதம் என்று நோண்டுகிற புத்தகம், அது மணியாகி நாதம் எழுப்பத் தொடங்கிவிட்டால் சும்மா இருந்துவிடுகிறது.

எக்காளத்தை எடுங்கள். ஆளுயர நீளம், பித்தளை, கூம்பு, நடுநடுவே வளையம். கூம்பாகலாம், வளையம் பூட்டலாம் என்று குழாயின் வரைவிலக்கணம் சொன்னதே, அப்படியானால் எக்காளம் குழாயா? இல்லை. ஊதினால் கோயில் வாசல் அதிர்கிற பொருள் அது, 9205.10இல் ட்ரம்பெட்டுக்குப் பக்கத்தில் அதற்கு இடம். கழற்றிய எக்காளத்தின் ஒரு கணுவை மட்டும் தனியாக அனுப்பி, மேலே பித்தளைக் குழாய் என்று எழுதிப் பாருங்கள், நான் பட்டது உங்களுக்கும் புரியும்.

கொஞ்சம் பெரிய பணம் சம்பந்தப்பட்ட கதைக்கு வருகிறேன். இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பர் 28இல் தடையற்ற வர்த்தக உடன்படிக்கை செய்துகொண்டன. 2000 மார்ச் 1 முதல் அமுலானது. இலங்கையில் செய்த பொருள் என்றால் இந்தியாவில் தீர்வைச் சலுகை. இலங்கையில் செய்தது என்பதை எப்படி நிரூபிப்பது? வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் பெறுமதி ஏற்றுமதி விலையில் 65 வீதத்தைத் தாண்டக் கூடாது. அதோடு, உள்ளே வந்த பொருளின் நாலு இலக்கமும் வெளியே போகிற பொருளின் நாலு இலக்கமும் வேறாக இருக்க வேண்டும்.

இதைப் படித்தவுடன் சிலருக்குப் பொறி தட்டிவிட்டது. இந்தியாவில் அப்போது செம்புக்குத் தீர்வை அதிகம், இங்கே குறைவு. பழைய செம்பையும் பித்தளையையும் வெளிநாட்டிலிருந்து இறக்கு, உருக்கு, கட்டியாகவோ கோலாகவோ இந்தியாவுக்கு ஏற்று. 7404இல் வந்தது 7403ஆகவோ 7407ஆகவோ போகிறது. நாலு இலக்கம் மாறிவிட்டது. சில வருடங்களில் இந்தியாவுக்கு நாம் அனுப்பியதில் பெரும் பங்கு செம்புப் பொருள்களும் வனஸ்பதியும் என்றாகிவிட்டது. செம்பு தோண்டி ஏற்றுமதி செய்கிற நாடா இது? தேங்காய் நாட்டில் பாமாயில் வனஸ்பதி வேறு. பழைய உலோகத்தின் விலையைக் குறைத்துக் காட்டித்தான் 65 வீதத்துக்குள் நிற்கிறார்கள் என்று டெல்லியில் முணுமுணுப்பு எழுந்தது. கடைசியில் இந்தியா தன் செம்புத் தீர்வையையே இறக்கியதும் அந்த லாபம் கரைந்தது, ஆலைகளும் அடங்கின. என் கருத்தைக் கேட்டால், அது கைத்தொழிலே இல்லை, இரண்டு தீர்வை விகிதங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் போட்ட கடை. அந்த ஆலைகளின் புகை பிலிமத்தலாவைப் பாஸுக்கு ஒரு ரூபாயும் கொண்டு வரவில்லை.

ஆனால் அந்த விதி கெட்டதில்லை. உங்களில் சிலர் அதைப் பயன்படுத்தலாம், அதனால்தான் சொல்கிறேன். பித்தளைக் குழாயை வெளியிலிருந்து எடுத்து, வெட்டி, வளைத்து, மரை போட்டு, மெருகேற்றி அனுப்பினால் எவ்வளவு வியர்வை சிந்தினாலும் 7411 உள்ளே, 7411 வெளியே. சலுகை கிடையாது. அதே குழாயை எல்போவாகவோ சொக்கட்டாகவோ ஆக்கினால் 7412. விளக்காக்கினால் 9405. இலக்கம் மாறிவிட்டது. பிறகு பெறுமதிக் கணக்கு மட்டும் ஒத்து வர வேண்டும். இயந்திரம் வாங்குவதற்கு முன்னால் புத்தகத்தை வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பழைய பொருள் வாங்கி விற்கிறவர்கள் இரண்டு பேர் பின்வரிசையில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு வார்த்தை. நூறு வருடம் தாண்டிய பொருளுக்கு 9706 என்று தனி எண் இருக்கிறது. 250 வருடம் தாண்டியதை 2022 பதிப்பில் இன்னும் பிரித்திருக்கிறார்கள். எண் இருக்கிறது என்பதால் ஏற்றுமதி செய்யலாம் என்று அர்த்தமில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கும். தெதிகமையில் ஒரு யானை விளக்கு இருக்கிறது, 12ஆம் நூற்றாண்டு வார்ப்பு. பொள்ளலான யானைக்குள் எண்ணெய். தகழியில் எண்ணெய் குறைந்தால் உள்ளே காற்றுப் போகும், யானையிலிருந்து எண்ணெய் இறங்கும், நிறைந்ததும் தானே நின்றுவிடும். உள்ளே போகிற அந்தச் சின்னக் காற்று வழிக்கு வரைவிலக்கணம் எழுதச் சொன்னால் பிரசெல்ஸ்காரர்கள் தலையைச் சொறிவார்கள். அதைப் போய்ப் பாருங்கள். பெட்டியில் கட்ட நினைக்காதீர்கள்.

இனி, நாளைக்கே செய்யக்கூடியது. இன்வொய்சில் பித்தளைப் பொருள் என்றோ குழாய் என்றோ ஒற்றைச் சொல்லில் எழுதாதீர்கள். என்ன உலோகம், வார்த்ததா இழுத்ததா, எந்தப் பொருளின் பாகம், தனியாகப் போகிறதா சேர்ந்து போகிறதா என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். பூட்டிய நிலையில் ஒரு படமும் கழற்றிய நிலையில் ஒரு படமும் வையுங்கள். கிளியரிங் ஏஜென்ட் போன தடவை போட்ட எண்ணையே இந்தத் தடவையும் போடுவார். அவரைக் குறை சொல்லாதீர்கள், பொருளைக் கொண்டு போய்க் கையில் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் சரக்கு ஏறுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். 2017 பெப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கையின் 3ஆம் உறுப்புரை, வகைப்பாட்டை முன்கூட்டியே கேட்டு எழுத்தில் தீர்ப்புப் பெறுகிற வழியைச் சொல்கிறது. நான் தண்டு அனுப்பிய காலத்தில் அப்படி ஒரு வழி இருந்திருந்தால் ஹெக்சோ பிளேட் மூன்று மிச்சமாகியிருக்கும்.

அந்தப் பாஸ் இப்போது இல்லை. அவருடைய பட்டறையில் மகன் வார்க்கிறார். போன மாதம் போனபோது புது விளக்கு ஒன்றுக்கு மெழுகு உரு பிடித்துக்கொண்டிருந்தார். அப்பா அறுத்த தண்டு மாத்தயாவிடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அதை உருக்கக் கொடுத்துவிடக் கூடாது என்றார்.

கூட்டம் முடிந்ததும் எல்லாரும் மேசைப் பக்கம் வந்து ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். தண்டை எடுக்கும்போது மட்டும் கவனம். அறுத்த ஓரத்தை அவர் அரம் போட்டு மழுக்கவில்லை.